சீனா முந்திவிட்டது என்று ‘மக்களே சொல்கிறார்கள்’: இப்படி ஒரு செய்தி வந்தால் அதைப் படிப்பது எப்படி

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். வருடத்துக்கு நாலு முறையாவது இந்தச் செய்தியை அனுப்பிவிடுவார். படம் மாறும், நாடுகளின் எண்ணிக்கை மாறும், சாரம் மட்டும் மாறாது: உலக மக்களில் பெரும்பாலோர் இனி சீனாதான் நம்பர் ஒன் என்கிறார்கள், அமெரிக்காவின் கதை முடிந்தது. அரை மணி நேரம் கழித்துச் சித்தப்பா நேர் எதிராக ஒன்றை அனுப்புவார், சீனாவை உலகமே வெறுக்கிறது என்று. அப்புறம் இரவு பதினோரு மணி வரை சண்டைதான். இரண்டு செய்தியுமே பொய் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. 2020-இல் அவர்கள் அனுப்பிய இரண்டும் ஒரே கருத்துக்கணிப்பிலிருந்து வந்தவை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சிலர் பழைய கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல நான் இந்தக் கணிப்பு அறிக்கைகளைப் பொழுதுபோக்காகப் படிக்கிற ஆள். படித்துப் படித்து எனக்கு ஒரு முடிவு வந்திருக்கிறது, அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண மனிதரிடம் ‘எந்த நாடு பெரியது’ என்று கேட்டால் கிடைக்கிற பதிலில் அந்த நாட்டைப் பற்றிய செய்தி கொஞ்சமாகவும், பதில் சொன்னவரின் வீட்டு நிலவரம் நிறையவும் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் இந்தக் கணிப்புகள் நிறையவே சொல்லித் தரும். வைத்துக்கொள்ளாமல் படித்தால் குடும்பச் சண்டைதான் மிச்சம்.

முதலில் கேள்வியைத் தேடுங்கள்

தலைப்பைப் படித்ததும் கை தானாக ஃபார்வர்டு பொத்தானுக்குப் போகும். அங்கே நிறுத்துங்கள். செய்தியில் எந்த நிறுவனத்தின் கணிப்பு என்று போட்டிருக்கும், பெரும்பாலும் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் அல்லது கேலப் நிறுவனம். இரண்டுமே முடிவுகளை இணையத்தில் இலவசமாகப் போடுகின்றன. அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கிற வண்ணப் படங்களை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். கேட்ட கேள்வி வார்த்தைக்கு வார்த்தை, கொடுத்த விடைகள், முந்தைய வருடங்களில் வந்த எண்கள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். அலங்காரமே இல்லாத பக்கங்கள், ஆனால் விஷயம் முழுக்க அங்கேதான்.

பார்த்தால் தெரியும், ‘முந்துவது’ பற்றி நாலு விதமான கேள்விகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்றைக்கு உலகின் முன்னணிப் பொருளாதார வல்லரசு எது என்பது ஒன்று. அமெரிக்காவின் இடத்தைச் சீனா பிடிக்குமா என்பது வேறு. சீனாவைப் பிடிக்குமா பிடிக்காதா என்பது மூன்றாவது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும் என்றால் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்பது நாலாவது. ஒருவரே இந்த நாலுக்கும் நாலு திசையில் பதில் சொல்லலாம், அதில் முரண்பாடு ஒன்றும் கிடையாது. பத்திரிகை தலைப்பு வைக்கும்போது எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டிவிடுகிறது.

2011-இல் பியூ வெளியிட்ட அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள், இந்த விஷயத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது அதுவாகத்தான் இருக்கும். கேள்வி கேட்கப்பட்ட 22 நாடுகளில் 15-இல், சீனா அமெரிக்காவின் இடத்தைப் பிடித்துவிட்டது அல்லது பிடிக்கும் என்ற கருத்துதான் மேலோங்கியிருந்தது. பிரான்ஸில் 72 சதவீதம், ஸ்பெயினில் 67, பிரிட்டனில் 65, ஜெர்மனியில் 61. அமெரிக்கர்களே கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். கேட்க மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் விடைகளைப் பாருங்கள்: ‘ஏற்கெனவே பிடித்துவிட்டது’, ‘என்றைக்காவது பிடிக்கும்’, ‘ஒருபோதும் பிடிக்காது’ என்று மூன்று. முதல் இரண்டையும் கூட்டித்தான் அந்த 72 வந்தது. அதிலும் நடுவில் இருக்கிற விடையைச் சொன்னவர்கள்தான் பெரும்பங்கு. ‘என்றைக்காவது’ என்பதற்குக் கெடு எதுவும் இல்லையே. என்றைக்காவது மழை பெய்யுமா என்று கேட்டால் யார் பெய்யாது என்பார்கள்? எதையுமே ‘ஒருபோதும் நடக்காது’ என்று அடித்துச் சொல்ல மனிதருக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு, அந்தக் கூச்சத்தையும் இந்த எண் சேர்த்தே அளக்கிறது.

ஆகவே கூட்டல் நடந்திருக்கிறதா என்று பாருங்கள். நடந்திருந்தால் பிரித்துப் போட்டுப் பாருங்கள்.

எந்தத் தராசு?

பெரியப்பாவும் சித்தப்பாவும் சரியாக மோதிக்கொள்கிற இடம் இது, இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு தராசு. சந்தை டாலர் மதிப்பில் பார்த்தால் அமெரிக்கப் பொருளாதாரம் இன்னும் பெரியது. 2023-இல் அது சுமார் 27 லட்சம் கோடி டாலரைத் தாண்டியிருந்தது, சீனாவுடையது 18 லட்சம் கோடியை ஒட்டி. 2021 வாக்கில் அமெரிக்காவின் முக்கால் பங்கு வரை வந்த சீனா அதன்பிறகு கொஞ்சம் பின்தங்கியது. உள்ளூர் விலைவாசியைக் கணக்கில் எடுத்தால் கதை மாறும். நியூயார்க்கில் முடிவெட்ட ஆகிற செலவில் சீன நகரமான செங்டூவில் பல முறை வெட்டிக்கொள்ளலாம், வெட்டுகிற வேலை ஒன்றுதான். அந்த வாங்கும் சக்திக் கணக்கில் சீனா 2014 வாக்கிலேயே அமெரிக்காவைத் தாண்டிவிட்டது என்று சர்வதேச நாணய நிதியம் கணக்கிட்டது. தொழிற்சாலை உற்பத்தி என்றால் உலகத்தில் முப்பது சதவீதத்துக்கு அருகில் சீனா. தலைக்கு வருமானம் என்றால் அமெரிக்கர் ஆறு மடங்குக்கும் மேல் முன்னால். ராணுவச் செலவிலும் அமெரிக்காதான், 2023-இல் சீனாவைப் போல சுமார் மூன்று மடங்கு.

கணிப்பில் பதில் சொன்ன பிரெஞ்சு மளிகைக்காரரிடம் இவற்றில் எந்தத் தராசு என்று யாரும் சொல்வதில்லை. கேள்வியில் ‘முன்னணி’ என்று ஒரு சொல் மட்டும் இருக்கும். அவர் கடையில் கண்ணுக்குத் தெரிவதை வைத்து அளப்பார். அதனால் பதிலைப் பார்க்கும்போது, இவர் எதை வைத்து அளந்திருப்பார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

பதிலுக்குப் பக்கத்தில் நிஜ எண்ணை வையுங்கள்

இந்த ஒரு காரியத்தை மட்டும் செய்தாலே போதும் என்பேன். கேலப் நிறுவனம் அமெரிக்கர்களிடம் பல வருடங்களாக ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறது, இன்று உலகின் முன்னணிப் பொருளாதார வல்லரசு எது என்று. 2000-இல் 65 சதவீதம் பேர் அமெரிக்கா என்றார்கள், சீனா என்றவர்கள் 10 சதவீதம். 2011-இல் 52 சதவீதம் பேர் சீனா என்றார்கள், சொந்த நாட்டைச் சொன்னவர்கள் 32 சதவீதம்தான்.

இப்போது நிஜ எண். 2011-இல் அமெரிக்கப் பொருளாதாரம் பதினைந்தரை லட்சம் கோடி டாலர், சீனாவுடையது ஏழரை லட்சம் கோடியை ஒட்டி. பாதி! முந்தைய வருடம்தான் ஜப்பானைத் தாண்டி இரண்டாம் இடத்துக்கே வந்திருந்தது. அப்படியிருக்க, அமெரிக்காவில் இருவரில் ஒருவர் சீனாதான் முன்னணி என்கிறார்.

இதைப் பார்த்ததும் ‘அமெரிக்கர்களுக்குப் பூகோளம் தெரியாது’ என்று சிரிப்பது சுலபம், நானும் முதலில் சிரித்திருக்கிறேன். ஆனால் பதில் சொன்னவரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒஹாயோவிலோ மிச்சிகனிலோ ஒரு சிறு நகரம். 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2000-இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஒரு கோடியே எழுபது லட்சம் பேர் வேலை பார்த்தார்கள், பத்து வருடம் கழித்து ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் கீழே. அவர் ஊர் ஆலைக்குப் பூட்டு. 2008-இல் லேமன் வங்கி சரிந்தது, அடுத்த வருடம் அக்டோபரில் வேலையில்லாதவர்கள் பத்து சதவீதம். பக்கத்து வீட்டை வங்கி எடுத்துக்கொண்டது. கடைக்குப் போனால் பல்துலக்கும் பிரஷ் முதல் கிறிஸ்துமஸ் மரம் வரை சீனப் பெயர். தொலைக்காட்சியைப் போட்டால் நம் அரசாங்கம் சீனாவிடம் ஒரு லட்சம் கோடி டாலருக்கு மேல் கடன்பட்டிருக்கிறது என்கிறார்கள். 2008 ஆகஸ்டில் பார்த்த பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழா வேறு கண்ணுக்குள் நிற்கிறது. இந்த ஆளிடம் தொலைபேசியில் யார் முன்னணி என்று கேட்டால் அவர் மனக்கணக்குப் போட்டா பதில் சொல்வார்? ‘மேலே போய்க்கொண்டிருப்பது யார், கீழே வந்துகொண்டிருப்பது யார்’ என்ற கேள்விக்குத்தான் அவர் விடை சொல்கிறார். அந்தக் கேள்விக்கு அவர் சொன்னது சரியான விடை.

இன்னொரு ஜோடி எண்களையும் பாருங்கள். 2020 பிப்ரவரியில் அதே கேலப் கேள்விக்கு 50 சதவீதம் பேர் அமெரிக்கா, 39 சதவீதம் பேர் சீனா. சரியாக ஒரு வருடம் கழித்து 50 சதவீதம் பேர் சீனா, 37 சதவீதம் பேர்தான் அமெரிக்கா. ஒரே வருடத்தில் ஒரு நாட்டின் பொருளாதாரம் இப்படிக் குட்டிக்கரணம் போடாது. நடுவில் கொரோனா வந்தது, கடைகள் மூடின, வெள்ளை மாளிகையில் ஆள் மாறினார். அமெரிக்கக் கணிப்புகளில் இது பழைய வியாதி, தன் கட்சி ஆட்சியில் இருந்தால் பொருளாதாரம் நன்றாகத் தெரியும், எதிர்க்கட்சி வந்தால் அதே பொருளாதாரம் படுத்துவிடும்.

ஆகவே எண்ணைப் பார்த்ததும் தேதியைப் பாருங்கள். கேள்வி கேட்ட அந்த வாரங்களில் அந்த நாட்டுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தேடுங்கள். பெய்ஜிங்கில் என்ன நடந்தது என்று தேடுவது அதற்கு அப்புறம்தான்.

ஜப்பான் கதையை ஒரு தரம் படித்துவிட்டு வாருங்கள்

சீனாவின் இடத்தில் இதற்கு முன்னால் ஜப்பான் இருந்தது. இளைஞர்களுக்கு இது அவ்வளவாகத் தெரிவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1989-இல் கேலப் இதே மாதிரிக் கேட்டபோது 58 சதவீத அமெரிக்கர்கள் ஜப்பான்தான் உலகின் முன்னணிப் பொருளாதாரம் என்றார்கள். அமெரிக்கா என்றவர்கள் 29 சதவீதம். அன்றைக்கு ஜப்பானின் பொருளாதாரம் அமெரிக்காவுடையதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். 2011-இல் சீனா இருந்த அதே இடம், கிட்டத்தட்ட அதே சதவீதம் பதில். இதை முதல் முறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்து திரும்பவும் சரிபார்த்தேன்.

1989-இல் நடந்தவற்றைப் பாருங்கள். சோனி நிறுவனம் கொலம்பியா பிக்சர்ஸை வாங்கியது. மிட்சுபிஷி எஸ்டேட் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டரில் பெரும்பங்கை வாங்கியது. ஹாலிவுட்டும் போச்சு, மன்ஹாட்டனும் போச்சு என்று ஒப்பாரி. இரண்டு வருடம் முன்பே, 1987-இல், அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் சிலர் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே நின்று தோஷிபா ரேடியோ ஒன்றைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். தோஷிபாவின் துணை நிறுவனம் சோவியத்துக்கு இயந்திரங்கள் விற்றது என்பது காரணம், ஆனால் சம்மட்டியில் இருந்த கோபம் அந்த விற்பனையைவிடப் பெரியது.

இதெல்லாம் வேடிக்கை என்றால், வேடிக்கை இல்லாததும் நடந்தது. 1982 ஜூனில் டெட்ராய்ட் பகுதியில் வின்சென்ட் சின் என்ற இளைஞரை, வயது 27, கார் தொழிலைச் சேர்ந்த இருவர் பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள், சில நாளில் அவர் இறந்தார். ஜப்பான் கார்களால் எங்கள் வேலை போகிறது என்ற ஆத்திரத்தின் காலம் அது. சின் ஜப்பானியரே இல்லை, சீன வம்சாவளி அமெரிக்கர். அடித்தவர்களுக்கு மாநில நீதிமன்றம் கொடுத்தது நன்னடத்தைக் காவலும் மூவாயிரம் டாலர் அபராதமும். ‘யார் முந்துகிறார்கள்’ என்ற சதவீதத்துக்குள் இப்படிப்பட்ட ஆத்திரமும் அடங்கியிருக்கிறது, வட்டப் படத்தில் அது தெரியாது.

அப்புறம் என்ன ஆனது? டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915-இல் முடிந்தது. திரும்ப அந்த உயரத்தைத் தொட 2024 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராக்ஃபெல்லர் சென்டரை நடத்திய நிறுவனம் 1995-இல் திவால் மனு கொடுத்தது. அமெரிக்க மக்களின் மனதிலிருந்து ஜப்பான் பயம் எப்போது கிளம்பிப் போனது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை.

இதற்கும் முன்னால் சோவியத் இருந்தது. 1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் மேலே போனபின், அமெரிக்கத் தகவல் முகமை மேற்கு ஐரோப்பாவில் ரகசியமாக எடுத்த கணிப்புகளில் சோவியத்தான் முன்னால் என்ற எண்ணம் பரவியிருந்தது. 1960 தேர்தலில் அந்தக் கணிப்புகள் வெளியே கசிந்து கென்னடிக்கும் நிக்சனுக்கும் நடுவே விவாதப் பொருளாகின.

ஆனால் சித்தப்பா இந்த இடத்தில் துள்ளிக் குதித்து, பார், ஜப்பான் மாதிரியே சீனாவும் புஸ்ஸாகிவிடும் என்பார். அதற்கும் அவசரம் வேண்டாம். ஜப்பானின் மக்கள்தொகை அன்றைக்கு அமெரிக்காவில் பாதி. முந்தவேண்டும் என்றால் ஒவ்வொரு ஜப்பானியரும் அமெரிக்கரைப்போல இரண்டு மடங்கு சம்பாதிக்க வேண்டும், நடக்கிற காரியமா? சீனாவில் மக்கள்தொகை அமெரிக்காவைப்போல நாலு மடங்கு, தலைக்குக் கால் பங்கு சம்பாதித்தாலே மொத்தத்தில் சமமாகிவிடும். மேலும் ஜப்பானைப் பாதுகாத்தது அமெரிக்கப் படை, சீனாவுக்கு அப்படி ஒரு குடை கிடையாது, தேவையும் இல்லை. மக்களின் பயம் இரண்டு முறையும் ஒன்றுதான், பயத்துக்குப் பின்னால் இருக்கும் நாடுகள் வேறு வேறு.

பலசாலி என்பதும் பிடித்தவர் என்பதும்

சரி, 2020 கதைக்கு வருகிறேன். கொரோனா நடுவே பியூ 14 பணக்கார நாடுகளில் கேட்டது. சீனாவைப் பிடிக்கவில்லை என்றவர்கள் ஜப்பானில் 86 சதவீதம், சுவீடனில் 85, ஆஸ்திரேலியாவில் 81. பல நாடுகளில் அதுவரை பார்க்காத உச்சம். இது சித்தப்பா அனுப்பியது. அதே கணிப்பில், அதே ஆட்களிடம், முன்னணிப் பொருளாதாரம் எது என்று கேட்டதற்கு நாடுகளின் இடைநிலை அளவில் 48 சதவீதம் பேர் சீனா, 35 சதவீதம் பேர் அமெரிக்கா. இது பெரியப்பா அனுப்பியது. ஊரில் வட்டிக்கு விடுகிறவரைப் பற்றிக் கேட்டாலும் இப்படித்தான் பதில் வரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வரி தென்கொரியாவுடையது. சீனாவுக்குப் பக்கத்து வீடு, மிகப்பெரிய வியாபாரக் கூட்டாளியும் அதுதான், ஆனால் முன்னணி யார் என்றால் முக்கால்வாசிக்கும் மேல் அமெரிக்கா என்றார்கள். ஜப்பானிலும் பெரும்பான்மை அமெரிக்கா பக்கம். ஐரோப்பாவில்தான் சீனா பெரிதாகத் தெரிந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மலை ஒரே வழவழப்பாகத் தெரியும், அடிவாரத்துக்காரருக்குப் பள்ளம் மேடு எல்லாம் தெரியும் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். அவர்கள் ஊரில் அமெரிக்கப் படைத்தளங்கள் இருப்பதும் கண்ணுக்குத் தெரிகிற விஷயம்தான், மறுக்கவில்லை.

இந்த ‘இடைநிலை’ என்ற வார்த்தையையும் கவனியுங்கள், ஆங்கிலத்தில் மீடியன் என்பார்கள். நாடுகளை வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பதன் எண்ணை எடுப்பது. அதில் சுவீடனுக்கும் அமெரிக்காவுக்கும் ஒரே எடை. ஆகவே ‘உலக மக்களில் இத்தனை சதவீதம்’ என்று செய்தி எழுதினால் அது பிழை. அதுவும் 2016-க்குப் பிறகு பியூவின் இந்தக் கணிப்புகளில் சீனாவே இல்லை. 140 கோடிப் பேரை விட்டுவிட்டு உலக மக்கள் என்ன?

யாரிடம் கேட்டார்கள்?

2024-இல் ஒரு தலைப்பு பரபரப்பாக ஓடியது: தென்கிழக்காசியா முதன்முறையாக அமெரிக்காவைவிடச் சீனாவைத் தேர்ந்தெடுத்தது. சிங்கப்பூரின் ஐசியாஸ் - யூசோப் இஷாக் ஆய்வுக் கழகம் வருடாவருடம் எடுக்கும் கணிப்பு அது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் ஒரு பக்கம் சாய்ந்தே ஆகவேண்டும் என்றால் எந்தப் பக்கம் என்ற கேள்விக்குச் சீனா 50.5, அமெரிக்கா 49.5. முந்தைய வருடம் சீனா 38.9-தான். 2025-இல் மறுபடி அமெரிக்கா 52.3.

இந்தத் தலைப்பைப் படித்து ஜகார்த்தா ஆட்டோக்காரரும் பினாங்கு மீன்காரம்மாவும் சீனாவுக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அந்தக் கணிப்பில் பதில் சொன்ன சுமார் 2,000 பேரும் பேராசிரியர்கள், அரசு அதிகாரிகள், வணிகத் துறையினர், ஊடகக்காரர்கள் வகையறா. அதை அந்தக் கழகமே தெளிவாகச் சொல்கிறது, செய்திதான் சொல்வதில்லை. நாடு நாடாகப் பிரித்தால் இன்னும் சுவாரசியம். மலேசியாவில் முக்கால்வாசி சீனா, பிலிப்பைன்ஸில் எண்பது சதவீதத்துக்கும் மேல் அமெரிக்கா. கூட்டிச் சேர்த்தால் சரிபாதி, ஆனால் பல நாடுகள் அந்தச் சராசரிக்கு அருகில்கூட இல்லை. அந்த வருடக் கணிப்பில் புவியரசியல் கவலைகளில் முதலிடம் காஸா போருக்கு. மலேசியாவும் இந்தோனேசியாவும் சீனா பக்கம் சாய்ந்ததில் சீனா மேல் வந்த காதலைவிட வாஷிங்டன் மேல் இருந்த கோபம் அதிகம் என்பது என் வாசிப்பு.

சாதாரண மக்களின் கருத்துதான் வேண்டும் என்றால் ஆப்ரோபரோமீட்டர் மாதிரியான கணிப்புகளைப் பாருங்கள். ஆப்பிரிக்க நாடுகளில் வீடு வீடாகப் போய், அவரவர் மொழியில், நேரில் கேட்கிறார்கள். 2014-15-இல் 36 நாடுகளில் கேட்டபோது சீனாவின் செல்வாக்கு நல்லதே என்றவர்கள் 63 சதவீதம். சாலையும் பாலமும் ரயிலும் கண் முன்னால் வந்திருக்கிறதே. ஆனால் உங்கள் நாடு யாரைப் பார்த்து வளரவேண்டும் என்றால் அமெரிக்கா 30, சீனா 24. பாலம் போட்டுக் கொடுத்தவரைப் பாராட்டிவிட்டுப் பிள்ளை வேறு வீட்டுப் பிள்ளையைப்போல வளரவேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு?

நகரத்தில் கேட்டார்களா கிராமத்திலுமா என்பதும் சின்ன எழுத்தில் இருக்கும். 2011 பியூ கணிப்பில் சீனா, இந்தியா இரண்டிலும் நகரவாசிகள் அவர்களின் உண்மையான விகிதத்தைவிடக் கூடுதலாக இருந்தார்கள். இணையம் வழி எடுத்த கணிப்பு என்றால் இணையம் இருப்பவரின் கருத்து, அவ்வளவுதான்.

சீனர்கள் என்ன சொல்கிறார்கள்?

இதை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. 2011-இல் பியூ சீனாவிலும் கேட்டது, பெரும்பான்மையினர் என்றைக்காவது முந்துவோம் என்றார்கள். 2012-இல் இன்று யார் முன்னணிப் பொருளாதாரம் என்று கேட்டபோது அமெரிக்கா என்றவர்கள் 48 சதவீதம், எங்கள் நாடு என்றவர்கள் 29. அதே சமயம் ஜெர்மனியில் பாதிக்கும் மேற்பட்டோர் சீனா என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆக ஜெர்மானியர் சீனரைவிடச் சீனாவை அதிகம் நம்பினார்கள். பெய்ஜிங் அரசாங்கமே தன் நாட்டை ‘உலகின் மிகப்பெரிய வளரும் நாடு’ என்றுதான் சொல்லிவருகிறது, ‘வளரும்’ என்ற சொல்லை விடுவதாக இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. அரசைப் பற்றி முகம் தெரியாதவரிடம் மனம்திறந்து பேச முடியாத இடங்களில் நேரடிக் கேள்விக்கு வரும் பதிலை அப்படியே எடுக்கக் கூடாது. ஆய்வாளர்கள் இதற்கு ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மூன்று சாதாரண வாக்கியங்கள், மீதிப் பேருக்கு அதே மூன்றோடு சங்கடமான நாலாவது ஒன்று. எதை ஒப்புக்கொள்கிறீர்கள் என்று கேட்பதில்லை, எத்தனையை என்று மட்டும் கேட்பார்கள். இரண்டு கூட்டத்தின் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் நாலாவதன் பங்கு வெளிவந்துவிடும், தனி ஆள் யாரும் மாட்டமாட்டார். இப்படி எடுத்த கணிப்பா, நேரடியாகக் கேட்டதா என்று பாருங்கள்.

நீங்களே கேட்டுப் பார்ப்பதென்றால்

அலுவலகத்திலோ கல்யாண வீட்டிலோ கேட்டுப் பார்க்கலாம், செலவு ஒரு நோட்டும் பேனாவும். நான் செய்து சொதப்பியதிலிருந்து சில விஷயங்கள்.

முதல் தடவை ‘சீனா அமெரிக்காவை முந்திவிடுமா’ என்று ஆரம்பித்தேன். கேள்வியே விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டது, எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நாட்டுப் பெயர் எதுவும் சொல்லாமல் ‘இன்றைக்கு உலகத்தில் எந்த நாடு பலமானது’ என்று கேளுங்கள், அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு பெயரைச் சொல்லித்தான் கேட்கவேண்டும் என்றால் பாதிப் பேரிடம் சீனாவை முதலிலும் மீதிப் பேரிடம் அமெரிக்காவை முதலிலும் சொல்லுங்கள். விலைவாசி, சம்பளம் பற்றிக் கடைசியில் கேளுங்கள், முதலில் கேட்டால் அந்த எரிச்சல் அடுத்த பதிலில் ஒட்டிக்கொள்ளும். ‘தெரியாது’ என்பவரை நெருக்காதீர்கள், தெரியாது என்பதும் பதில்தான், அதை எழுதிக்கொள்ளுங்கள். இருபது பேரிடம் கேட்டுவிட்டுச் சதவீதம் போடாதீர்கள், தயவுசெய்து.

முக்கியமாக, ஏன் என்று கேட்டு அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். எலக்ட்ரிகல் கடைக்காரர் ஒருவர் எனக்குச் சொன்னது: “யாரு பெரியவன்னா எனக்கென்ன சார், ரெண்டு பேரும் வரி போட்டுச் சண்டை போட்டா சரக்கு வராது, அதுதான் என் கவலை.” எந்தக் கணிப்பிலும் இந்தப் பதிலுக்கு ஒரு கட்டம் கிடையாது. கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை, சீனாதான் இனிமேல் என்று ஒரே அடியாகச் சொன்னார். சரி அத்தை, பேரனை மேல்படிப்புக்கு எங்கே அனுப்பப் போகிறீர்கள் என்றேன். “டெக்சாஸ்தான், வேற எங்க.” அன்றிலிருந்து அந்தக் கேள்வியையும் சேர்த்தே கேட்கிறேன். கேலப் உலகம் முழுக்க, வேறு நாட்டில் போய் வாழ ஆசைப்பட்டால் எங்கே என்று 2007 முதல் கேட்டுவருகிறது, முதலிடத்தில் அமெரிக்காதான் தொடர்ந்து இருக்கிறது. 

நோட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். இரண்டு வருடம் கழித்து அதே ஆட்களிடம், ஒரு வார்த்தைகூட மாற்றாமல், அதே கேள்வியைக் கேளுங்கள். நான் கேட்டபோது மூன்று பேர் பதிலை மாற்றிச் சொன்னார்கள், ஏன் மாறினீர்கள் என்று நோட்டைக் காட்டினேன். மூன்று பேருமே, நான் அப்படிச் சொல்லவே இல்லையே, நீங்கள் தப்பாக எழுதியிருப்பீர்கள் என்றார்கள்.